வீடூர் நயினார் பிடித்த கயிறு

வீடூர் குணபத்திர நயினார் ஆப்பிரிக்காவுக்குப் போய் ஆடு அறுத்துவிட்டு வந்தார் என்று போன மாதம் திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு டீக்கடையில் ஒருத்தன் சொல்லிக்கொண்டிருந்தான். சொன்னவனுக்கு நான் யாரென்று தெரியாது. பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த நான் பாதி டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன்.

"கேப்பையில நெய் வடியுதுன்னு ஒருத்தன் சொன்னா, கேக்கறவனுக்குப் புத்தி எங்கய்யா போச்சி?" என்று கத்திவிட்டேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஏன் சார், நீங்க கூட இருந்து பாத்தீங்களா?" என்றான்.

பார்த்தேன். கூடவே இருந்து பார்த்த ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நான்தான். அதற்குள் விழுப்புரம் பஸ் வந்துவிட்டது, அவனுக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். அவர் அறுக்கவில்லை. ஆனால் ஆட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்க் கொடுத்தவர் அவர்தான். அறுக்கத்தான் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுத்தார். அதை அவரும் மறைத்ததில்லை, நானும் மறைக்கப் போவதில்லை. ஏன் கொடுத்தார் என்பதைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

என் பெயர் சீனுவாசன், கண்டமங்கலத்துக்காரன். ஒன்றேகால் ஏக்கரில் கரும்பு இருக்கிறது. ஆனால் எனக்குச் சோறு போட்டது முந்திரிக் கொட்டைதான். பண்ருட்டிக் கம்பெனிகளுக்கு உள்ளூர்க் கொட்டை போதாது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. அங்கேயே போய்த் தரம் பார்த்து வாங்க நம் பக்கத்து ஆட்கள் போவார்கள். ஒரு கிலோ கொட்டையை எடுத்து, ஒவ்வொன்றாக வெட்டி, பருப்பு நல்லதா, சொத்தையா, பிஞ்சா என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலை. கட்டிங் போடுவது என்போம். எங்கள் கம்பெனியில் கட்டிங் போடுகிறவர்களில் மூத்தவர் குணபத்திர நயினார். குடோன் பொறுப்பும் அவருடையதுதான். நான் அவருக்குக் கீழே.

நாங்கள் போய்க்கொண்டிருந்தது கானா நாட்டில் ஜமான் நார்த் என்கிற மாவட்டம். ஐவரி கோஸ்ட் எல்லையை ஒட்டியது, சாம்பா என்பது தலைநகரம். நம் விழுப்புரத்தைப் போல அதுவும் ஒரு பெரிய மாவட்டத்தைப் பிரித்து உண்டாக்கினதுதான். மாவட்ட ஆபீஸ் வாசலில் ஜனங்கள் காகிதத்தோடு காத்திருப்பதை முதல் தடவை பார்த்தபோது நயினார், "சீனு, நம்ம கலெக்டர் ஆபீஸ் திங்கக்கெழம மாரியே கீதுப்பா" என்றார். செம்மண் ரோடு, இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு. கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் இறக்கி அவிழ்த்துவிட்டால் பண்ருட்டி தாண்டி எங்கோ இருக்கிறோம் என்றுதான் நினைப்பீர்கள். பிப்ரவரியில் போனால் மே மாதம் திரும்புவோம். அவர் அப்படிப் பன்னிரண்டு சீசன் போனவர்.

அவரோடு ஒரே வீட்டில் இருப்பது லேசில்லை. எங்கள் பக்கத்தில் நயினார் என்றால் ஆதியிலிருந்து இங்கேயே இருக்கும் தமிழ் ஜைனர்கள். கறி, மீன், முட்டை கிடையாது என்பது ஊருக்கே தெரியும். இவருக்கு வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் கிடையாது. தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார். பிறகு அந்தத் துணியை எந்தக் கிணற்றுத் தண்ணீரோ அதே கிணற்றுத் தண்ணீரில் அலசுவார், ஒட்டியிருக்கும் பூச்சி அதன் இடத்துக்கே போய்ச் சேரட்டும் என்று. கிழங்குதான் சோறு என்றிருக்கும் ஊரில் பன்னிரண்டு சீசனையும் அரிசியையும் வாழைக்காயையும் வைத்தே ஓட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் கறி வாங்கி வந்தால் எனக்கு அடுப்பு தனி, சட்டி தனி, கொல்லைப்புறம் தனி.

"நயினாரே, ஆடு செத்தாச்சி. இனிமே அதுக்கு எந்த அடுப்பா இருந்தா என்ன?" என்று சீண்டுவேன்.

கோபப்பட மாட்டார். "ஒனக்கு அது கறி. எனக்கு அது ஆடு. அவ்ளோதான் சீனு" என்பார்.

முப்பது வயதில் மேல்சித்தாமூர் ஜைன மடத்தில் மனைவியோடு நின்று கொல்லாமை விரதம் எடுத்தவர். தெரிந்து ஒரு உயிரை எடுப்பதில்லை, எடுக்கச் சொல்வதில்லை, எடுக்கிறவனுக்குத் துணை போவதில்லை. விரதம் எடுத்த கையோடு வீடூர் அணைக்குப் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்த மூன்று ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார், பூச்சிமருந்து அடிக்க வேண்டியிருக்கிறதே என்று. அப்படித்தான் முந்திரிக் கம்பெனிக்குக் கணக்குப் பிள்ளையாகப் போய், கட்டிங் கற்று, கடல் கடந்தார். "குத்தகைக்காரன் மட்டும் மருந்து அடிக்காம வுட்டுடுவானா நயினாரே?" என்று ஒரு தடவை கேட்டேன். சாதாரணமாகக் கேட்டதுதான், ஆனால் பின்னால் அதை ஏன் கேட்டோம் என்று வருந்தினேன்.

எங்கள் குடோன் சாம்பாவிலிருந்து உள்ளே தள்ளி, யாவ்குரோம் என்ற கிராமத்தில் இருந்தது. தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. அதற்குள் எண்பது கிலோ மூட்டைகளைப் பன்னிரண்டு வரிசை உயரத்துக்கு அட்டி அட்டியாக அடுக்கியிருப்போம். லாரி வந்தால் ஒரு அட்டியைப் பிரித்து ஏற்றுவோம். லோடுமேன்களில் கோஜோ என்று ஒருவன். முப்பத்து மூன்று வயது. எண்பது கிலோவைத் தலையில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடுகிறவன். அவன் மனைவி அஃபியா எங்கள் களத்தில் கொட்டை உலர்த்தினாள். குழந்தை இல்லை. அவர்களோடு எங்களுக்குப் பேச்சு உடைந்த இங்கிலீஷில்தான், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

கோஜோவுக்கு எங்கள் நயினார்மேல் ஒரு பிரியம். என்னைவிட நன்றாக "நயினார்" என்று கூப்பிடுவான். தன் கொல்லையில் பழுத்த பப்பாளியைக் கொண்டுவந்து, "நயினார், பூச்சி இல்லை, நானே பார்த்தேன்" என்று வெட்டிக் காட்டிவிட்டுக் கொடுப்பான்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று சீசனில் குடோனில் எலி பெருகிவிட்டது. மற்றக் கம்பெனிக் குடோன்களில் விஷம் வைத்தார்கள். லோடுமேன்களும் ஒரு டப்பா வாங்கி வந்து நின்றார்கள். நயினார் அதை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். "என் பொறுப்புல இருக்கற எடத்துல இது கூடாது" என்றார். அதற்குப் பதிலாக ஒரு எலிக்கூண்டு வாங்கினார். தினமும் காலையில் மாட்டிய எலியை மோட்டார் சைக்கிளில் இரண்டு கிலோமீட்டர் கொண்டுபோய் ஓடைக்கு அந்தப்பக்கம் விட்டுவிட்டு வருவார். கோஜோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். நானும் சிரிப்பேன். "நயினாரே, நீங்க வண்டிய ஸ்டாண்டு போடறதுக்குள்ள அது குடோனுக்கு வந்து சேந்துட்டு இருக்கும், பாருங்க" என்பேன். எல்லாருக்கும் அது ஒரு விளையாட்டாக இருந்தது.

மார்ச் மூன்றாவது வாரம் கோஜோ வந்து சொன்னான். "நயினார், மூணாவது அட்டியில் அடி மூட்டையெல்லாம் எலி கடித்து ஓட்டை. கொட்டை வழிந்துகொண்டே இருக்கிறது. அட்டி சாய்கிறது."

நயினார் போய்ப் பார்த்தார். நானும் பார்த்தேன். கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது. பிரித்து அடுக்குவதென்றால் நாலு ஆள், இரண்டு நாள். கொட்டை வந்து குவிகிற நேரம், கட்டிங் மேசையில் இருந்து எழ முடியவில்லை. "வியாழக்கெழம லாரி வருது. அன்னிக்கி மூணாவது அட்டிய மொதல்ல ஏத்திடலாம்" என்றார். கோஜோ தலையாட்டிவிட்டுப் போனான். வியாழக்கிழமை லாரி வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை.

சனிக்கிழமை காலை பதினோரு மணி. நான் வெளியே மரத்தடியில் கட்டிங் போட்டுக்கொண்டிருந்தேன். குடோனுக்குள் பெரிய சத்தம் கேட்டது. வாசல் வழியாகப் புழுதி வந்தது. ஓடினோம். மூன்றாவது அட்டி முழுக்கச் சரிந்திருந்தது, கோஜோவின் ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது. நயினார் தன் வாழ்நாளில் மூட்டை தூக்கியவர் இல்லை. அன்றைக்குத் தனியாக எண்பது கிலோ மூட்டையைப் புரட்டித் தள்ளினார். ஒன்பது மூட்டை எடுத்த பிறகு கோஜோவை வெளியே இழுத்தோம். சாம்பா ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அவன் உயிர் போய்விட்டது. தலை அஃபியாவின் மடியில் இருந்தது.

போலீஸ் வந்து விசாரித்து, விபத்து என்று எழுதிக்கொண்டு போனது. முதலாளி பண்ருட்டியிலிருந்து போன் போட்டார். நஷ்டஈட்டைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், எங்கள் இருவருக்கும் அடுத்த வாரமே டிக்கெட் போடுவதாகவும் சொன்னார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

புதன்கிழமை ஊர்த்தலைவர் வீட்டு முற்றத்தில் கூட்டம் கூடியது. அங்கே தலைவர் நேராகப் பேசுவதில்லை, கோல் பிடித்த ஒரு பெரியவர் வழியாகத்தான் பேச்சு. கோஜோவின் தாய்மாமன் எழுந்து, குடும்பத்தின் சார்பாகச் சொன்னார்: போலீஸ் எழுதினது எழுதினதாக இருக்கட்டும், கம்பெனி கொடுப்பதைக் கொடுக்கட்டும். ஆனால் ஒரு உயிர் போயிருக்கிறது. அதற்குக் காரணமானவர் யாரோ அவர் ஒரு ஆட்டைத் தன் கையால் கொண்டுவந்து, இந்த முற்றத்தில் கயிற்றை எங்களிடம் கொடுக்க வேண்டும். அதை இங்கேயே அறுத்து, இரத்தம் மண்ணில் விழுந்த பிறகுதான் மனசு ஆறும். அதன் பிறகுதான் கோஜோவை அடக்கம் செய்வோம். அதுவரை அவன் ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருப்பான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பி நயினாரைப் பார்த்தேன். முகத்தில் இரத்தமே இல்லை.

நான் எழுந்து, "ஆட்டை நான் கொண்டுவருகிறேன். எனக்கு விரதம் இல்லை, நான் கறி தின்கிறவன்" என்றேன்.

பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "எலிக்கு விஷம் வேண்டாம் என்று சொன்னது நீயா?"

"இல்லை."

"அப்படியானால் உட்கார்."

நயினார் எழுந்தார். ஆட்டை உயிரோடு அஃபியாவுக்கே கொடுத்துவிடட்டுமா, ஒன்றுக்குப் பத்தாகக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். பெரியவர் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. "இது விற்கிற வாங்குகிற சமாச்சாரம் இல்லை. யோசித்து வா. நாங்கள் காத்திருக்கிறோம்" என்றார்.

காத்திருந்தது அவர்கள் மட்டுமில்லை. மறுநாளிலிருந்து அஃபியா தினமும் காலையில் வந்து, களத்து ஓரத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். வேலைக்கு வரவில்லை, யாரையும் திட்டவில்லை, அழவில்லை. சாயங்காலம் எழுந்து போவாள். நயினார் சாப்பாட்டை விட்டுவிட்டார். வடிகட்டின தண்ணீர் மட்டும்தான். நான்தான் பேஜாராகிக் கத்தினேன்.

"நயினாரே, டிக்கெட்டு வந்துடுச்சி. அடுத்த வியாழக்கெழம ஃபிளைட்டு. போலீசே ஆக்சிடென்ட்டுன்னு எழுதிட்டான். எதுக்கு ஒடம்ப வாட்டிக்கினு கெடக்கறீங்க? கெளம்புங்க ஜல்தியா."

"நான் கெளம்பிட்டா கோஜோவ எப்பப்பா பொதைப்பாங்க?" என்றார்.



அன்று மத்தியானம் வீடூருக்கு வாட்ஸ்அப்பில் பேசினார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. அவர் மனைவி அனந்தமதி அக்கா அவரைவிடக் கறார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் நிதானமாகச் சொன்னார்.

"வெரதம் நீங்க மட்டும் எடுக்கலீங்க. நானும் கூட நின்னு எடுத்தேன். இருவத்தெட்டு வருசம். அந்தக் கயித்தத் தொட்டுட்டு இந்தப் படி ஏறாதீங்க."

போன் கட்டாகிவிட்டது. சிக்னல் போனதா அக்கா வைத்தாரா என்று தெரியவில்லை. ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் மரத்தடியில் அந்தப் பெண். நடுவில் இந்த மனிதர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள், அதைக் கண்ணால் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

விமானத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, நயினார் ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார். தள்ளாடினார், நான் கூடப் போனேன். அஃபியா தண்ணீரை வாங்கிக் குடித்தாள். பிறகு அவரைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எலிகளுக்காகப் பேச நீங்கள் இருந்தீர்கள். என் புருஷனுக்கு யார் இருக்கிறார்கள்?"

குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலத்தான் கேட்டாள். நயினார் காலிச் சொம்பை வாங்கிக்கொண்டார். பிறகு திரும்பி வந்து, நாலு நாளைக்குப் பிறகு இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டார்.

"சீனு, சாம்பாவுக்கு நாளைக்கி வண்டி எத்தினி மணிக்கி?" என்றார்.

சந்தையில் ஆட்டை நானே பார்த்து வாங்கிவிடுகிறேன், நீங்கள் வண்டியிலேயே இருங்கள் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. அவரே போய் நின்று ஒரு வெள்ளைச் செம்மறிக் கிடாவை வாங்கினார். வேனில் அதைத் தன் கால்களுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு, மேடு பள்ளத்தில் விழாமல் பிடித்துக்கொண்டே வந்தார். யாவ்குரோம் வந்ததும் தன் துணியில் தண்ணீரை வடிகட்டி அதற்குக் காட்டினார். அது குடித்தது. நான் எத்தனை ஞாயிற்றுக்கிழமை கறி தின்றிருப்பேன்! ஒரு ஆடு தண்ணீர் குடிப்பதைப் பார்க்க முடியாமல் அன்றைக்குத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. கயிற்றைக் கொடுப்பதற்கு முன்னால் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று பெரியவர் கேட்டார். நயினார் இங்கிலீஷில் தட்டுத் தடுமாறிச் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்.

"விஷம் வைக்க மாட்டேன் என்று சொன்னது என் விரதம். அதைத் தப்பென்று இப்போதும் நான் நினைக்கவில்லை. ஆனால் விஷம் வைக்க மாட்டேன் என்கிறவன் வாரா வாரம் அட்டியைப் பிரித்து, ஓட்டைக் கோணியை மாற்றி, மறுபடி அடுக்கியிருக்க வேண்டும். இரண்டு நாள் வேலை. நான் செய்யவில்லை. கோஜோ வந்து சொன்ன பிறகும் செய்யவில்லை. நல்லவன் என்ற பேர் எனக்கு, அதற்கு உயிரைக் கொடுத்தவன் அவன். இது விபத்து என்று போலீஸ் எழுதியிருக்கிறது. விபத்து இல்லை. என் சோம்பேறித்தனம்."

அவர் கயிற்றைக் கோஜோவின் தாய்மாமன் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். போகவில்லை. அங்கேயே நின்றார். அறுத்தபோது கண்ணை மூடவில்லை. நான் மூடிக்கொண்டேன். அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது, ஜைனர்களின் பஞ்ச நமஸ்கார மந்திரம் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். நான் அவரிடம் கேட்டுக்கொண்டதில்லை.

ஆட்டைச் சமைத்த பிறகு இரண்டு தரப்பும் சேர்ந்து சாப்பிட்டால்தான் பகை தீர்ந்ததாக அர்த்தமாம். அது எங்களுக்கு முன்னால் தெரியாது. ஒரு தட்டு நயினார் முன்னால் வந்தது. அவர் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கை நீளுமோ என்றுகூட ஒரு கணம் பயந்தேன். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அஃபியா எழுந்து வந்தாள். தட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இவர் கயிற்றைப் பிடித்ததே போதும். இதையும் கேட்டால் அது நியாயம் இல்லை" என்று பெரியவரிடம் சொன்னாள். நயினார் பங்கை அவளே உட்கார்ந்து சாப்பிட்டாள். யாரும் மறுக்கவில்லை.

சனிக்கிழமை கோஜோவை அடக்கம் செய்தார்கள். நாங்கள் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டிருந்தோம். முதலாளி போனில் கத்திக்கொண்டிருந்தார், கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். குழியில் நயினாரும் மண் போட்டார். அதன் பிறகு மூன்று வாரம் அவரே முன்னால் நின்று, மீதி இருந்த அட்டி ஒவ்வொன்றையும் பிரித்து அடுக்க வைத்து, கணக்கை ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்பினார். அந்த நாட்களில் அவர் அழுது நான் பார்க்கவில்லை.

இப்போது அவர் அங்கே போவதில்லை. அறுபது வயதாகிறது. குத்தகைக்கு விட்ட மூன்று ஏக்கரைத் திரும்ப வாங்கிக்கொண்டு தானே மல்லாட்டை போடுகிறார். மருந்து கிடையாது. விடிந்ததிலிருந்து வரிசை வரிசையாக உட்கார்ந்து புழுவைக் கையால் பொறுக்கி, வாளியில் போட்டு, அணைக்கரைப் புதரில் கொண்டுபோய் விடுகிறார். பக்கத்து நிலத்துக்காரர்கள் பாதி மகசூல்கூட வராது என்று சிரிக்கிறார்கள். வருவதும் பாதிதான். அங்கே என்ன நடந்தது என்று கோவிலில் கேட்டவர்களுக்கெல்லாம் அவரே சொல்லியிருக்கிறார், டீக்கடைக்கு அது எந்த ரூபத்தில் போய்ச் சேர்ந்தது என்பது வேறு. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அந்த டீக்கடையில் பேசினவனுக்கு நான் சொல்ல நினைத்தது இதுவரைக்கும்தான். ஆனால் நாங்கள் ஊர் திரும்பிய அன்று நடந்ததைச் சொல்லாவிட்டால் இந்த மனிதரைப் பற்றிச் சொன்னதாக ஆகாது.

சென்னையில் இறங்கி, பஸ் பிடித்துத் திண்டிவனம் வந்து, அங்கிருந்து ஒரு ஆட்டோ வைத்துக்கொண்டு வீடூர் போனோம். மூன்று மணி வெயில். நான் நேராகக் கண்டமங்கலம் போயிருக்கலாம், அவரைத் தனியாக விட மனசு வரவில்லை. அந்தப் போனுக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் பேசியது இரண்டே தடவை. வருகிறேன் என்று சொன்னாரே தவிர, கயிற்றைப் பிடித்ததைச் சொல்லவில்லை. "அத போன்ல சொல்லக் கூடாது சீனு. நேர்ல நின்னு சொல்லணும்" என்றார்.

அனந்தமதி அக்கா சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தார். நயினார் படிக்குக் கீழேயே நின்றுகொண்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"உள்ள வராம ஏன் வெயில்ல நிக்கறீங்க?" என்றார் அக்கா.

"கயித்தப் புடிச்சிட்டேன் அனந்தமதி. நானே வாங்கி, நானே புடிச்சிக்கினு போய்க் குடுத்தேன். அறுக்கறதயும் பாத்தேன். படி ஏறட்டுமா வேணாமான்னு நீ சொல்லு. வேணான்னா மடத்துல போய் இருந்துக்கறேன். ஒம்மேல எனக்குக் கோவம் இல்ல."

அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார். எதிர்வீட்டு வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை, நகரவும் முடியவில்லை. இந்த மனிதரை இப்படி வாசலில் நிறுத்தினால் நான் சும்மா இருக்க மாட்டேன் என்று மனசுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அக்கா கேட்டார்: "அந்தப் பொண்ணு புருசன அடக்கம் பண்ணிட்டாளா?"

"பண்ணிட்டா."

"நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன். மண்ணு போட்டேன்."

அக்கா படி இறங்கி வந்தார். நயினார் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

"வெரதம் ஒடைஞ்சா திரும்ப எடுத்துக்கலாங்க. அந்தப் பொண்ணுக்கு வேற வழி ஏது?" என்றார். "வாங்க உள்ள."

அத்தனை நாளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதார். நானும்தான்.